எழுத்துரு கேட்டு வந்த நட்பு

கேள்வி: ஐயா, 1990களின் இறுதியில், தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைத்ததும், மின்மடல் வழியே பலர் கூடிப் பேசும் தமிழ் மடற்குழுக்களில் முகம் தெரியாதவர்களோடு விடிய விடிய உரையாடியவன் நான். இன்று எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கானோர் இருந்தும் அந்த நெருக்கம் இல்லையே, ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அன்றிருந்தவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் நினைக்கவில்லை, மடற்குழுக்களில் சண்டைக்கும் குறைவிருக்கவில்லை. பிறர் துணையின்றித் தமிழைத் திரையில் பார்ப்பதே அரிதாக இருந்ததுதான் காரணம். ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு குறியீட்டு எண்களைக் கொடுத்திருந்ததால், ஒன்றில் எழுதிய மடல் மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. ஆகவே, புதியவர் எந்த எழுத்துரு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வர, பழையவர் அதை நிறுவும் முறையைப் பொறுமையாக எழுதியனுப்ப, அறிமுகமே ஓர் உதவியில் தொடங்கியது. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளும், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும் அப்படித்தான் பலரைச் சென்றடைந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்த திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டு முறையே மின்மடல் விவாதங்களில் உருவானதுதான். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலோ, ஒருவர் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூலை வேறொரு நாட்டிலிருப்பவர் ஊதியமின்றி மெய்ப்புப் பார்த்தார்.

ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண்ணைத் தரும் யூனிகோடு வந்தபின் அந்தத் தேவை மறைந்தது. அதற்காக நான் வருந்த மாட்டேன். கணினியும் தொலைபேசி இணைப்பும் வாங்க முடிந்தவர்களுக்கே திறந்திருந்த வாசல் அது. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய குடும்பங்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? உங்கள் மடற்குழுவில் உங்கள் லயத்துக்காரர், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில் உங்களோடு வாழ்ந்தவர், ஒருவராவது இருந்தாரா என்று எண்ணிப் பாருங்கள் (கோபித்துக்கொள்ளாதீர்கள்). இன்று அவர்கள் அனைவரும் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஆனால், ஒருவர் கையை மற்றவர் எதிர்பார்க்கும் வேலை ஒன்றும் அங்கே இல்லை.

வேலை கொடுத்துப் பாருங்கள். காலை வணக்கப் படங்களைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, பள்ளியின் பழைய வகுப்புப் படங்களைப் பகிர்ந்து, அவற்றில் நிற்பவர் யார், எந்தத் தோட்டத்துப் பிள்ளை, தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியபின் எங்கே குடியேறினார் என்று ஒவ்வொருவராக நிரப்பச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர், இதுவரை ஒரு வரிகூட எழுதாத யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.