விலங்கியல் படித்துவிட்டு உளவியலுக்குப் போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறேன். அடுத்து உளவியல், அதிலும் பரிணாம உளவியல் படிக்க ஆசை. "அப்போ மூணு வருஷமும் தண்டமா?" என்கிறார் அப்பா. என் பேராசிரியரோ, அது கதை கட்டுகிற துறை என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அப்பாவுக்கு முதலில். மனித மனசு பரிணாமத்தில் எப்படி உருவானது என்று ஆராய்கிற இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான லீடா காஸ்மிடிஸ், 1979-ல் ஹார்வர்டில் வாங்கிய முதல் பட்டமே உயிரியல்தான். உளவியலில் முனைவர் பட்டம் 1985-ல். அங்கே மானுடவியல் படித்த ஜான் டூபியைக் கல்யாணம் செய்துகொண்டார், 2023-ல் டூபி இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். உயிரியலை அவர் விட்டுவிட்டு வரவில்லை, அங்கிருந்த கேள்வியைக் கையோடு கொண்டுவந்தார்: கொடுத்து வாங்கி வாழ்கிற உயிரினத்தில், வாங்கிக்கொண்டு கொடுக்காமல் நழுவுகிறவனை அடையாளம் காணத் தெரியாவிட்டால் அந்த ஏற்பாடே நிலைக்காதே, அப்படியானால் மனித மனசில் அதற்கென்றே ஏதாவது இருக்க வேண்டாமா?

இதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது உளவியலாளர் பீட்டர் வேசனின் பழைய சீட்டுப் புதிர். மேஜையில் நாலு சீட்டு: அ, க, 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கவேண்டும் என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எதையெல்லாம் திருப்புவீர்கள்? அ-வும் 7-ம்தான் சரி, ஆனால் கால்வாசிப் பேர்கூடச் சொல்வதில்லை. காஸ்மிடிஸ் கதையை மாற்றினார். ஒரு கற்பனைத் தீவில், முகத்தில் பச்சை குத்திய ஆண்தான் மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாம். சீட்டுக்கு ஒரு ஆண்: ஒரு பக்கம் அவன் தின்பது, மறுபக்கம் பச்சை குத்தியிருக்கிறானா இல்லையா. இப்போது யாரைச் சோதிப்பீர்கள்? கிழங்கு தின்கிறவனையும், பச்சை குத்தாதவனையும். அதே தர்க்கம்தான், கேள்விப்படாத ஊர், கேள்விப்படாத வழக்கம், ஆனாலும் ஏமாற்றுகிறவனைத் தேடுவதாக ஆனதும் முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். 1989-ல் கட்டுரையாக வந்தது. பிறகு ஈக்வடார் அமேசான் காட்டில் ஷிவியார் மக்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள், ஏமாற்றுகிறவனைப் பிடிப்பதில் ஹார்வர்டு மாணவர்களுக்கு அவர்கள் குறைந்தவர்கள் இல்லை.

உங்கள் பேராசிரியர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். ஆண் இப்படி, பெண் அப்படி, எல்லாம் குகைக் காலத்துச் சொத்து என்று காணொளிகளில் அளக்கிறார்களே, அதில் பாதி அவர் சொல்கிற ரகம்தான். காஸ்மிடிஸையும் யாரும் சும்மா விடவில்லை. கேள்வியைச் சொல்லும் விதத்தை மாற்றினாலே போதும், ஏமாற்று எதுவும் இல்லாமலே சரியான விடை வரும் என்று ஆய்வாளர் டான் ஸ்பெர்பர் குழு 1995-ல் காட்டியது. காஸ்மிடிஸும் விடவில்லை, விதியை மீறியது வேண்டுமென்றா தெரியாமலா என்று பிரித்து மறுபடி சோதித்தார், தெரியாமல் செய்ததாகச் சொன்னபோது சரியான விடைகள் குறைந்தன. இது 2010-ல். ஒரே கேள்வியோடு இருபத்தைந்து வருஷம் மல்லுக்கட்ட உங்களால் முடியுமா என்றுதான் நான் யோசிப்பேன், எந்தத் துறை என்று அல்ல.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து நாலு சீட்டு எழுதி, முதலில் அ, க, 4, 7 வைத்து அப்பாவிடம் கேளுங்கள். அப்புறம் மரவள்ளிக்கிழங்கு. மூணு வருஷம் தண்டமா என்ற பேச்சை அதற்கப்புறம் எடுங்கள்.