“இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமத்தில்” வீடு வாங்கலாமா?

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கணவர் வாரம் இரண்டு நாள் லண்டன் போய் வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டுக்குள் விலை எங்களுக்கு எட்டவில்லை. கிட்லிங்டனில் மூன்று படுக்கையறை செமி (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு) ஒன்று 4,50,000 பவுண்டுக்கு வந்திருக்கிறது. “இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம், பின்னால் வயல்” என்கிறார் ஏஜென்ட். நேரில் போனால் புறநகர் மாதிரிதான் தெரிகிறது. இந்த விலை தகுமா? மதுரையில் என் பெயரில் வீடு இருப்பது இங்கே சிக்கலாகுமா?

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். கிட்லிங்டனில் 13,000-க்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர் மன்றம் ஒரு தீர்மானம் போட்டாலே அது ‘டவுன்’ ஆகிவிடும். 1980களில் அந்தப் பேச்சு வந்தபோது, கிராமமாகவே இருக்கட்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ‘மிகப் பெரிய கிராமம்’ என்று சர்ரேயில் கிரான்லியும் யார்க்‌ஷயரில் காட்டிங்ஹாமும்கூடச் சொல்லிக்கொள்கின்றன. அந்தப் பட்டத்துக்காக ஒரு பவுண்டுகூட அதிகம் தர வேண்டாம்.

பழைய கிட்லிங்டன் இருப்பது செயின்ட் மேரி தேவாலயத்தின் ஊசிக் கோபுரத்தைச் சுற்றி, சர்ச் ஸ்ட்ரீட், மில் ஸ்ட்ரீட் பக்கம். கல் வீடுகள், கல் மதில்கள், கொஞ்சம் தள்ளி செர்வெல் ஆறு. அங்கே கூடுதல் விலைக்குக் காரணம் உண்டு, கட்டுப்பாடுகளும் உண்டு. மற்றபடி ஊரின் பெரும்பகுதி 1920களுக்குப் பிறகு எழுந்த செமிகளும், இங்கே ‘பங்களா’ எனப்படும் ஒற்றைத் தள வீடுகளும்தான். அதை மட்டமாக நினைக்காதீர்கள். 2016இல் சீனச் சுற்றுலாப் பயணிகள் பஸ் பஸ்ஸாக பென்மீட் ரோட்டில் வந்து இறங்கி, அந்தச் சாதாரண வீடுகளின் வேலிச்செடி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குழந்தையோடு குடியிருக்க நல்ல தெருக்கள்.

விலையை ஏற்றுவது ஆக்ஸ்ஃபோர்டின் நெருக்கடி. அங்கே இடமில்லை, சுற்றிலும் கட்டத் தடையுள்ள பசுமை வளையம். போதாததற்கு 2015இல் ஆக்ஸ்ஃபோர்ட் பார்க்வே ஸ்டேஷன் திறந்து, லண்டன் மேரில்போனுக்கு நேர் ரயில் வந்தது. உங்கள் கணவருக்கு அது உண்மையிலேயே பணம் கொடுக்கத் தகுந்த வசதி. ஆனால் ஸ்டேஷன் ஊரின் தென்கோடிக்கும் அப்பால் இருக்கிறது. ஒரு வேலைநாள் காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, ஸ்டேஷன் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அப்புறம் வானம் தெளிந்த ஒரு பகல் நேரத்தில் தோட்டத்தில் நின்று சத்தம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வடமேற்கே விமான நிலையம், அங்கே பயிற்சி விமானங்கள் பறக்கும்.

வயல் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. இந்தப் பகுதியை நிர்வகிக்கும் செர்வெல் கவுன்சில் 2020இல் ஏற்றுக்கொண்ட திட்டத்தில், ஆக்ஸ்ஃபோர்டின் தேவைக்காக கிட்லிங்டன், பெக்ப்ரோக், யார்ன்டன் சுற்றுவட்டாரத்தில் 4,400 வீடுகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பசுமை வளைய நிலத்திலேயே. வீட்டிலிருந்து தெரியும் காட்சிக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. சொலிசிட்டர், அதாவது பத்திர வேலை பார்க்கும் வக்கீல், எடுக்கும் வழக்கமான சொத்துத் தேடல் அறிக்கை பெரும்பாலும் உங்கள் மனையோடு நின்றுவிடும், பின்னால் உள்ள வயலைப் பற்றிச் சொல்லாது. கவுன்சில் தளத்தில் திட்ட வரைபடத்தை நீங்களே திறந்து பாருங்கள். அதே தெருவில் வீடுகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்பதை நிலப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், 1995 முதல் இருக்கிறது. பேரத்தை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது மதுரை வீடு. ஸ்டாம்ப் டியூட்டியில் ‘முதல் வீடு’ சலுகை, உலகில் எங்குமே வீடு வைத்திராதவர்களுக்குத்தான். சேர்ந்து வாங்கினால் இருவருமே அப்படி இருக்க வேண்டும். சலுகை கிடைத்தால் இந்த விலைக்கு வரி 7,500 பவுண்டு, கிடைக்காவிட்டால் 12,500. அதோடு முடியவில்லை. மதுரை வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், இது இரண்டாவது வீடாகி மொத்த விலைக்கும் 5 சதவீதம் கூடுதல் வரி விழும். ஆக மொத்தம் 35,000 பவுண்டு. கணவர் பெயரில் மட்டும் வாங்கினாலும், கணவன் மனைவி என்பதால் இந்தக் கூடுதல் வரி விடாது. வாரிசாக வந்த பாதிப் பங்கோ அதற்குக் குறைவோ என்றால், கிடைத்த முதல் மூன்று ஆண்டுகளுக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே விலை பேசும் முன்பே மதுரைப் பத்திரத்தையும் இன்றைய மதிப்பையும் சொலிசிட்டரிடம் காட்டிவிடுங்கள். ஊர் வீடுதானே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.