பக்கத்துக் கம்பெனியைப் பார்த்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் அப்பாவும் சித்தப்பாவும் நடத்தும் பனியன் கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஏற்றுமதிதான். கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் எங்களிடம். நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கிச் சீராக்குவது) எல்லாம் வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க். கணக்கு டேலி மென்பொருளில், மற்றது எக்செல்லிலும் நோட்டிலும்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், எங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்கே செய்யும் இன்னொரு கம்பெனிக்காரரைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். அவர்கள் பெரிய ஈஆர்பி (கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பதியும் மென்பொருள்) போட்டுவிட்டார்களாம். மறுநாளே "நாமளும் அதையே போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார். டெமோ பார்த்தாயிற்று, விலையும் பேசியாயிற்று. நமக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு, "அவங்க யோசிக்காமயா அத்தனை பணம் போட்டிருப்பாங்க?" என்றார். நிட்டிங் கூலியில் கிலோவுக்கு ஐம்பது காசுக்காக அரை மணி நேரம் பேசுகிறவர், இதில் மட்டும் ஏன் அடுத்தவரைப் பார்த்து முடிவெடுக்கிறார்?

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு நிட்டிங் தெரியும். துணியைக் கையில் பிடித்தாலே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவார். சந்தேகம் என்றால் வட்டமாக வெட்டித் தராசில் போட்டுப் பார்த்துவிடலாம். அதனால் ஐம்பது காசுக்குப் பேச முடிகிறது. மென்பொருளை அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. ஓட்டத் தொடங்கும்போது பாதிப் பணம் போயிருக்கும். தன்னால் எடைபோட முடியாத பொருளை, எடைபோட்டிருப்பான் என்று தான் நம்புகிற ஒருவனைப் பார்த்து வாங்குவது மனித இயல்பு. அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரே பார்த்துப் பழகித்தானே வளர்ந்தது? பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர், முதலாளி செய்வதைப் பார்த்துப் பார்த்து, நான்கு மெஷின் போட்டுத் தனியாக ஆரம்பித்தார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டியும் சோமனூரில் விசைத்தறியும் அப்படித்தான் பெருகின.

ஆனால் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2007-இல் கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்களுக்குப் போட்டியான கம்பெனி ஒரு பெரிய சிஸ்டம் போட்டது. ஆறே மாதத்தில் நாங்களும் அதையே போட்டோம். ஃபவுண்டரியில் இருந்து கேஸ்டிங் (வார்ப்பு) வரும். ஸ்டோர்காரர் எண்ணி இறக்குவார். புளோ ஹோல் (வார்ப்பில் விழும் காற்றுக் குழி) இருக்கும் பம்ப் பாடிகளைத் தட்டிப் பார்த்தே ஒதுக்கி, வந்த டெம்போவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். இருபது வருடப் பழக்கம். சிஸ்டமோ எல்லாவற்றையும் முதலில் வரவு வை, அப்புறம் பரிசோதனை, அதற்குப் பிறகு ரிட்டர்ன் என்று கேட்டது. டெம்போ டிரைவர் அவ்வளவு நேரம் நிற்பாரா? ஸ்டோர்காரர் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பையன் வந்து, சலானைப் பார்த்து வரவை மட்டும் அடிப்பான். ரிட்டர்ன் விட்டுப்போகும். ஒருநாள் நானே இறங்கிப் போய் எண்ணினேன். சிஸ்டத்தில் 340 பாடி, ரேக்கில் 291. அன்றைக்கு அந்த நோட்டைக் கேட்டு வாங்கித்தான் கணக்கை நேர் செய்தோம்.

இரண்டு வருடம் கழித்து, அந்தப் போட்டிக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவர் எங்களிடம் வேலைக்கு வந்தார். ஆவலோடு கேட்டேன், அங்கே ஸ்டோரில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. "அங்க பில்லிங்கும் அக்கவுண்ட்ஸும் மட்டும்தான் சார் சிஸ்டத்துல. ஸ்டோர், புரொடக்‌ஷன் எல்லாம் நோட்டும் எக்செல்லும்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்களிடம் இல்லாத ஒன்றைப் பார்த்து நாங்கள் காப்பியடித்திருக்கிறோம்! அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பெனி எங்களைப் பார்த்துப் போட்டிருந்தது. அவர்கள் வந்தபோது எங்கள் முதலாளி கான்பரன்ஸ் ரூமில் திரையைக் காட்டினார். ஸ்டோருக்குக் கூட்டிப் போகவில்லை. இதில் பொய் சொன்னவர் யாருமில்லை. அவ்வளவு பணம் போட்டவர், இன்னும் சரியாக ஓடவில்லை என்று கல்யாண வீட்டில் நின்று சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

2019-இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, 1992-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டல். முதல் ஓட்டல் ஒரு மயிரிழை மேல் என்று பொதுப்பேச்சு. சாப்பிட வரும் நூறு பேருக்கும் ஆளுக்கொரு தனித்தகவல் கிடைத்திருக்கிறது. 99 பேருக்கு இரண்டாவது ஓட்டல்தான் நன்றாக இருக்கிறது என்று, ஒருவருக்கு மட்டும் முதல் ஓட்டல் என்று. அந்த ஒருவர் முதலில் வந்து முதல் ஓட்டலுக்குள் போய்விடுகிறார். அடுத்து வருகிறவர் யோசிக்கிறார்: எனக்கு வந்த தகவலும் அவருக்கு வந்ததும் ஒன்றையொன்று அடித்துவிட்டன, மிச்சம் பொதுப்பேச்சு. அவரும் முதல் ஓட்டலுக்கே போகிறார். மூன்றாமவரும் அப்படியே. ஒருவர்கூட அறிவில்லாமல் நடக்கவில்லை, ஆனால் 99 பேருக்குத் தெரிந்த உண்மை வெளியே வராமலே போகிறது. சித்தப்பாவின் "யோசிக்காமயா போட்டிருப்பாங்க?" இங்கேதான் இடறுகிறது. அவர்கள் யோசித்திருப்பார்கள். யாரைப் பார்த்து யோசித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

பார்த்துச் செய்வதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. 1986-இல் பெங்களூரில் கோயங்கா அப்பாவும் மகனும் தொடங்கிய டேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அதைப் போட்டதால்தான் இன்றைக்கு பி.காம் முடித்த எந்தப் பெண்ணும் உங்கள் ஆபீஸில் முதல் நாளே பில் போட முடிகிறது. ஊரில் நாலு பேர் வைத்திருக்கும் சிஸ்டம் என்றால் ஆளும் கிடைக்கும், பழுது பார்க்கவும் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள்.

பால் டிமாஜியோ, வால்டர் பவல் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், ஒரே துறையில் இருக்கும் நிறுவனங்கள் ஏன் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடுகின்றன என்று 1983-இல் எழுதினார்கள். நிச்சயமில்லாதபோது அடுத்தவரைப் பார்ப்பது ஒரு காரணம். அரசோ, நாம் நம்பியிருக்கும் பெரிய இடமோ தரும் நெருக்கடி இன்னொன்று. ஒரே மாதிரிப் படித்த மேலாளர்களும் ஆலோசகர்களும் கம்பெனி கம்பெனியாகப் போவது மூன்றாவது. உங்கள் வீட்டில் முதல் இரண்டும் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் தளத்தில் பதிந்து எண் வாங்குவது) 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டினாலே கட்டாயம் என்றானது. அதற்காகப் பயந்து பெரிய சிஸ்டம் வாங்கவேண்டியதில்லை, டேலியிலேயே செய்யலாம். பையர் பயம் வேறு. "அவங்ககிட்ட இருக்கு, உங்ககிட்ட இல்லையா?" என்று பையர் கேட்டுவிடுவாரோ என்பது சித்தப்பாவின் மனதில் இருக்கும். பஞ்சு எங்கே வாங்கியது, எந்த லாட் எந்த டையிங்கில் போட்டது என்று பையர்கள் கேட்கிற காலம் இது. ஆகவே உங்கள் பையரிடமே, என்ன விவரம் எந்த வடிவத்தில் வேண்டும் என்று மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. எந்த சிஸ்டத்துக்குள்ளும் வேறு யாரோ ஒருவருடைய வேலைமுறை உட்கார்ந்திருக்கிறது. ஈஆர்பி என்றாலே பலரும் சொல்லும் எஸ்ஏபி, 1972-இல் ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் தொடங்கியது. அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஐசிஐ நிறுவனத்தின் நைலான் ஆலை. ஒரே கூரைக்குள் எல்லாம் நடக்கும் இடத்தை மனதில் வைத்து எழுதிய முறை, உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? உங்கள் சரக்கு பாதி நாள் அடுத்தவர் கூரைக்குள் கிடக்கிறது. நூல் கிலோவில் போகிறது, துணி கிலோவில் வருகிறது, டையிங்கில் எடை குறைகிறது, கட்டிங் டேபிளுக்கு வந்தபிறகுதான் பீஸ் ஆகிறது. அந்தக் கம்பெனிக்குச் சொந்த நிட்டிங்கும் டையிங்கும் இருக்கின்றனவா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர்களுக்கு நன்றாக ஓடுகிற சிஸ்டமே உங்களிடம் வந்து திணறலாம்.

எனவே சித்தப்பாவோடு வாதாட வேண்டாம். பார்த்து வாங்குவோம், ஆனால் கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். கல்யாணத்தில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம் இருக்கிறதே, ஒருநாள் வந்து பார்க்கிறோம் என்றால் மறுக்கமாட்டார்கள். ஆபீஸில் டீ குடித்தபிறகு துணி குடோனுக்குப் போங்கள், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு. டையிங்குக்கு ஒரு லாட் ஏறும் நேரமாகப் பார்த்துப் போனால் நல்லது. வண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே டிசி (டெலிவரி சலான்) சிஸ்டத்தில் இருந்து வருகிறதா, கையால் எழுதி அனுப்பிவிட்டுச் சாயங்காலம் அடிக்கிறார்களா என்று கவனியுங்கள். 500 கிலோ போன லாட் குறைந்து வந்தால் அந்தக் குறைவை எங்கே பதிகிறார்கள் என்று குடோன்காரரிடம் கேளுங்கள். முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். மேஜை டிராயரில் ஒரு நோட்டு இருந்தால், கடைசியாக அதில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்