ராயபுரத்திலிருந்து டாப்ஸ்லிப் மழைக்காட்டுக்கு: என்ன தயாரிப்பு வேண்டும்?

நண்பர்கள் நாலு பேர், மலையேறிப் பழக்கமில்லை, டாப்ஸ்லிப் பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். 2018-ல் குரங்கணி காட்டுத்தீயில் மாட்டியவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள்தான். இப்போது வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்திலேயே முன்பதிவு செய்யலாம், வழிகாட்டியும் கூட வருவார். சென்ட்ரலில் கோவை ரயில் ஏறி, பொள்ளாச்சி வழியாகப் போய்விடலாம்.

நம்ம ஏரியாவில் மேடே கிடையாது. அதனால் ஒரு மாதம் முன்பிருந்தே, முதுகில் பையோடு வண்ணாரப்பேட்டை ரயில் நிலைய நடைமேம்பாலப் படிகளை ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முட்டி வலி தெரியும்.

எல்லோரும் பயப்படுவது அட்டைக்கு. கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். அதன் மெல்லிய முனைதான் வாய். அங்கே தோலை ஒட்டி நகத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பிடி விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தும். அதனால் கொஞ்ச நேரம் கசியும், பதற வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்துங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஓடைக்கு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். இறங்காமல் உடனே மேட்டுக்குப் போங்கள்.

சூடு ஆறாத யானைச் சாணம் தென்பட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். உள்ளே போனால் சிக்னல் கிடைப்பது கஷ்டம், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.