கந்தோரில் இரண்டு ரவுட்டர்

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் ஒரு பழைய வீட்டில் கந்தோர் நடத்துகிறோம். புரோட்பாண்ட் ரவுட்டர் முன் அறையில். கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கும் பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று, வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு ரவுட்டரைக் கேபிளால் இணைத்தோம். முதல் நாள் ஓடியது. மறுநாள் முன் அறையிலும் பாதிப் பேருக்கு இன்ரநெற் இல்லை. கொண்டுவந்தது பழுதா?
- வாசகர், கொக்குவில்

பதில்: பழுதில்லை. கிளினிக்கில் இரண்டு பேர் தனித்தனியாக நம்பர் துண்டு கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் போனுக்கும் ஐபி முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி. இப்போது இரண்டு பெட்டியும் அதைச் செய்கின்றன. புதியதிடம் துண்டு வாங்கியவர் வெளியே போகும் வழியையும் அதனிடமே கேட்பார், அதற்கோ வெளியே வழியே இல்லை. முதல் நாள் பலரிடம் பழைய துண்டு இருந்தது, அதனால் ஓடியது. போதாக்குறைக்கு இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

புதியதைக் கழற்றி, ஒரு லப்டொப்பை மட்டும் அதில் கேபிளால் செருகுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போய், அக்சஸ் பொயின்ற் மோட் (தானே முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தெரிவு செய்தாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. இல்லையென்றால் முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் முன் அறையில் உள்ளது போலவே வையுங்கள், அப்புறம் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முன் ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்து, அது மற்றவர்களுக்குக் கொடுக்கும் வரிசைக்குள் 2 வராவிட்டால்). சேமித்தவுடன் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். இந்த இடத்தில்தான் எல்லோரும் பயந்து ரீசெற் ஊசியைத் தேடுவார்கள். வேண்டாம், கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகி, புதிய முகவரியை அடித்து உள்ளே போய், கடைசியாக டிஎச்சிபியை நிறுத்துங்கள்.

இனி முன் ரவுட்டரின் லான் துளையிலிருந்து (கணினிகளைச் செருகும் துளை) இதன் லான் துளைக்குக் கேபிள். பெரும்பாலும் நிறம் மாறித் தனியாக இருக்கும் வான் துளையை (வெளி இணைப்பு வரும் துளை) வெறுமனே விடுங்கள். அக்சஸ் பொயின்ற் மோட் இல்லாத பெட்டியில் அதில் செருகினால் பின் அறை தனி வலையமைப்பாகிவிடும், அங்கே இருக்கும் பிரின்டர் முன் அறைக்காரருக்குத் தெரியாது.

இரண்டு வைஃபையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்கு சனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 வையுங்கள். சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தடித்த சுவர் என்றால் பெட்டியைச் சுவரின் முன் அறைப் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை, கேபிளைப் பின் அறைக்கு உள்ளேயே கொண்டுபோங்கள். 100 மீற்றர் வரை தாராளமாக இழுக்கலாம். முற்றத்தைக் கடப்பதென்றால் குழாய்க்குள் விடுங்கள், கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஒன்று மட்டும்: முன் ரவுட்டரை ரீசெற் செய்யாதீர்கள். நான் ஒருமுறை பெட்டி மாறி அமத்தி, உள்ளே இருந்த இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோய், அதைத் திரும்ப எடுப்பதற்கே ஒரு முழுநாள் போன் பிடித்தபடி இருந்தேன்.