டெர்மினலில் ஓடுகிறது, சர்வீஸில் படுத்துவிடுகிறது

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் எடைமேடையிலிருந்து லாரி எடையைப் படித்துச் சீட்டு அடிக்க, லினக்ஸ் கணினியில் ஒரு பைத்தான் புரோகிராம் இருக்கிறது. டெர்மினலில் ஓட்டினால் பிசகில்லை. கணினி தானே பின்னணியில் ஓட்டும்படி சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டால் ‘கீ எரர்’ காட்டி நின்றுவிடுகிறது. ‘செட்டிங்ஸ்.ஐஎன்ஐ’ ஃபைல் புரோகிராம் பக்கத்திலேயேதான் இருக்கிறது. எங்கே கோளாறு?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பக்கத்தில் இருந்து பயனில்லை. வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் தேடுவதில்லை. புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், அந்த நேரத்தில் எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ, அங்கேதான் தேடும். ‘மேலவீதி, மூன்றாவது வீடு’ என்று மட்டும் சொன்னால் தஞ்சாவூரில் நிற்பவர் தஞ்சாவூர் மேலவீதிக்குத்தானே போவார்? டெர்மினலில் நீங்கள் ‘சிடி’ போட்டு உள்ளே போய் ஓட்டுகிறீர்கள், ஃபைல் கிடைக்கிறது. சிஸ்டம் சர்வீஸோ, இடம் குறிப்பிடாவிட்டால் ரூட்டில், அதாவது ஒற்றைச் சாய்கோட்டால் (/) குறிக்கும் உச்சி ஃபோல்டரில் நிற்கும். விண்டோஸ் சர்வீஸும் இதே கதைதான். அது நிற்பது சிஸ்டம்32 ஃபோல்டரில்.

‘ஃபைல் இல்லை’ என்று சொல்லாமல் ‘கீ எரர்’ ஏன்? செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும் பைத்தானின் கான்ஃபிக்பார்சரில் ‘ரீட்’ கட்டளை, ஃபைல் இல்லாவிட்டால் வாயே திறக்காது. காலி லிஸ்ட்டைத் திருப்பித் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பிறகு அந்த ஃபைலில் இருக்க வேண்டிய போர்ட் எண் போன்ற ஒன்றைக் கேட்கும்போதுதான், அந்தப் பெயரே இல்லை என்று வெடிக்கிறது. ‘ரீட்’ தரும் லிஸ்ட் காலியா என்று பார்த்து, காலியானால் அங்கேயே நிறுத்துங்கள்.

உடனடி மருந்து: சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் ஃபைலின் ‘சர்வீஸ்’ பகுதியில் ‘ஒர்க்கிங்டைரக்டரி=/ஆப்ட்/எடை’ என்பதுபோல முழுப் பாதையைப் போடுங்கள். ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, அதன்பின் ரீஸ்டார்ட். ஃபோல்டர் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் சர்வீஸ் ‘200/சிஎச்டிஐஆர்’ என்ற பிழை காட்டி விழும். ‘எக்ஸெக்ஸ்டார்ட்’ வரியில் ‘சிடி’யை நுழைக்காதீர்கள், அங்கே டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஷெல் கிடையாது.

ஆனால் கோடிலேயே திருத்துவதுதான் உத்தமம். ‘பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரண்ட்’ என்று புரோகிராமின் சொந்த ஃபோல்டரை எடுத்து, அதோடு ஃபைல் பெயரைச் சேருங்கள். எங்கிருந்து ஓட்டினாலும் ஃபைல் கிடைக்கும்.

சீட்டு விவரங்களை ஒரே ஃபைலில் சேமிக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் வைத்திருந்தால் அதன் பாதையையும் பாருங்கள், இதுதான் ஆபத்து. சர்வீஸ் எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக ஓடினால், சாய்கோட்டின் கீழ் புதிதாக ஒரு காலி டேட்டாபேஸை உருவாக்கிக்கொள்ளும். குறுவை அறுவடை நேரத்தில் பாதிச் சீட்டு ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் கிடக்கும். சாதாரணப் பயனராக ஓடினால் திறக்க முடியவில்லை என்று நின்றுவிடும், அதுவே மேல்.

சர்வீஸ் இப்போது எங்கே நிற்கிறது என்று சந்தேகமா? அதன் பிஐடியை, அதாவது புராசஸ் எண்ணைப் பார்த்து, ‘பிஐடி’ என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டு ‘எல்எஸ் -எல் /பிராக்/பிஐடி/சிடபிள்யூடி’ அடியுங்கள். அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதே அதன் இடம்.