வாசகர் கேள்வி: தூரத்துப் பறவையும் கையிலுள்ள காசும்

கேள்வி: என்னிடம் கெனன் 200டி கமரா இருக்கிறது. பெத்தகான, தியசரு பூங்காக்களில் பறவைகளைப் படமெடுக்க ஆசை. 150-600 மி.மீ. ஸூம் லென்ஸுக்குக் காசு காணாது. 500 மி.மீ. மிரர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். உள்ளே ஆடி வைத்த இந்த மலிவான மிரர் லென்ஸ்களில் ஓட்டோ ஃபோக்கஸ் கிடையாது. ஒளி புகும் துவாரமான அப்பர்ச்சரையும் மாற்ற முடியாது, பெரும்பாலும் எஃப்/8 என்ற சிறிய துவாரம்தான். உங்கள் கமராவின் சிறிய வியூஃபைண்டரில், மீன்கொத்தியின் கண் தெளிவா அலகு தெளிவா என்று கையால் திருப்பிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். போதாததற்குப் பின்னணி ஒளிப்புள்ளிகள் எல்லாம் உளுந்து வடையாக ஓட்டையோடு விழும்.

பாவித்த கெனன் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள் (ஐஎஸ் கைநடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, எஸ்டிஎம் ஃபோக்கஸ் மோட்டரின் வகை). எடை 375 கிராம்தான். உங்கள் கமராவின் சிறிய சென்சரில் அதன் 250 மி.மீ., பெரிய சென்சருள்ள முழுஃபிரேம் கமராவின் 400 அளவுக்கு நெருக்கிக் காட்டும். ‘எஸ்டிஎம்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். அதற்கு முந்தியவை ஃபோக்கஸில் மந்தம்.

பிறகு காசு சேர்ந்தால், பாவித்த கெனன் 400 மி.மீ. எஃப்/5.6 எல் லென்ஸ். 1993இல் வந்தது, ஒன்றேகால் கிலோ, ஐஎஸ் இல்லை. பறக்கும் கொக்குக்கு எப்படியும் ஷட்டர் வேகம் 1/1600 செக்கன் வைக்கத்தான் வேண்டும் என்பதால் அந்தக் குறை அங்கே தெரியாது. மரநிழலில் அசையாமல் இருக்கும் பறவைக்குத்தான் தெரியும். 3.5 மீற்றருக்குக் கிட்ட ஃபோக்கஸ் ஆகாது. அதில், லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டி உருவைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு கன்வேட்டர் போட ஆசைப்படாதீர்கள்: எஃப்/8 ஆகிவிடும், 200டியின் வியூஃபைண்டர் ஓட்டோ ஃபோக்கஸ் எஃப்/5.6 வரைதான் வேலை செய்யும்.

கேள்வி: பாவித்த லென்ஸில் எதைப் பார்ப்பது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் பூஞ்சணம். கொழும்பு ஈரக்காற்றில் அல்மாரிக்குள் கிடந்த லென்ஸ் என்றால் கட்டாயம் பாருங்கள். இரண்டு மூடிகளையும் கழற்றி, கைபேசி டோர்ச்சைப் பின்பக்கத்தால் சரிவாக அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. தனித்தனிப் புள்ளிகள் வெறும் தூசி, படத்தில் வராது.

அடுத்து உங்கள் கமராவில் பூட்டி, முழு ஸூமில், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, 1/1000 செக்கனில், எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை நேருக்கு நேர் நின்று எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். ஒருபக்க எழுத்து கூர்மை, மறுபக்கம் மங்கல் என்றால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. விழுந்த லென்ஸாக இருக்கலாம். நிக்கோன்காரர்களுக்கு ஒன்று: ‘ஏஎஃப்-பி’ என்று எழுதிய லென்ஸ் டி3200, டி7000 போன்ற பழைய கமராக்களில் ஃபோக்கஸே ஆகாது.

வாங்கியதைத் தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரப்பதமானி. 40-50 சதவீதத்தில் நின்றால் போதும்.

கேள்வி: காலி முகத்திடலில் நின்று கப்பல்களை எடுத்தால், ஸ்டாண்டில் வைத்தாலும் நெளிந்து வருகின்றன. லென்ஸ் பிழையா?
– வாசகர், தெகிவளை

பதில்: எடுத்தது மத்தியானமாக இருந்தால், பிழை காற்றில். சூடேறிய காற்றின் நெளிவை எந்த விலை லென்ஸும் நேராக்காது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். லென்ஸின் முன்னால் மலிவான யூவி ஃபில்டர் கண்ணாடி போட்டிருந்தால், அதுவும் படத்தைக் கெடுக்கலாம், கழற்றுங்கள்.